"நல்லா இருக்கு" என்று சொன்ன பிறகு: குழந்தைகளைத் திரும்ப வரைய வைப்பது எப்படி?

கட்டுரை சரியாக வராவிட்டால் திரும்ப எழுதச் சொல்கிறோம். கணக்கு தப்பானால் மறுபடி போடச் சொல்கிறோம். பாட்டு வகுப்பில் ஒரே வரியைப் பத்துத் தடவை பாட வைப்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. படம் வரைவதில் மட்டும் ஒரே ஒரு வாய்ப்புதான். மணி அடிப்பதற்குள் வரைந்து வண்ணமும் தீட்டிவிட வேண்டும். டீச்சர் ஓரத்தில் "குட்" என்று எழுதுவார். அடுத்த வாரம் வேறு தலைப்பு. இப்படியே வருடம் முழுக்க வரைந்த பிள்ளையின் நோட்டைப் புரட்டினால், அத்தனையும் முதல் வரைவுகளாகவே இருக்கும். தன்னுடைய இரண்டாவது வரைவு எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

ஓவியம் பிறவியிலேயே வருவது, வருகிறவர்களுக்குத்தான் வரும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. அப்படி நினைத்துவிட்டால் திருத்தச் சொல்வதில் அர்த்தமே இல்லை. வராத பிள்ளையை எதற்கு வருத்த வேண்டும் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் வரைதலில் பெரும்பகுதி கவனித்துப் பார்ப்பது. கவனித்துப் பார்க்கப் பழக்கலாம். அதற்குத் தேவை, படத்தைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லும் ஆளும், திரும்ப வரைய ஒரு தாளும்தான். சொல்கிறவருக்கு நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏறக்குறைய 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளோடு உட்காரும் ஆசிரியர், அம்மா, அப்பா யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம்.

ஒரு பட்டாம்பூச்சி, ஆறு வரைவுகள்

இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் அடிக்கடி காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்சி என்ற ஊரில், முதல் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவனுக்குப் பட்டாம்பூச்சி ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்து வரையும் வேலை. இறக்கையில் புலிக்கு இருப்பதுபோல் கோடுகளும், பின்னால் வாலும் உள்ள இனம் அது. சிறுவன் முதலில் வரைந்தது, அந்த வயதில் எல்லாரும் வரையும் பட்டாம்பூச்சி. புகைப்படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வகுப்புத் தோழர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இறக்கை இன்னும் கூராக, முக்கோணம் மாதிரி இருக்க வேண்டும் என்பது போன்ற யோசனைகளைச் சொன்னார்கள். அவன் வேறு தாளில் வரைந்தான். அவர்கள் பார்த்தார்கள். மறுபடி வரைந்தான். முதலில் வடிவம் பற்றி மட்டும் பேசினார்கள். அது தேறிய பிறகுதான் இறக்கையின் கோடுகளுக்குப் போனார்கள். கடைசியில் வண்ணத்தோடு வந்து நின்ற ஆறாவது வரைவைப் பார்த்தால், பூச்சிகளைப் பற்றிய புத்தகத்தில் அச்சடித்தது என்றே நினைக்கத் தோன்றும்.

ரான் பெர்கர் என்ற அமெரிக்க ஆசிரியர் இந்த வரைவுகளைப் பல வகுப்பறைகளுக்கு எடுத்துப் போய், மற்றப் பிள்ளைகளிடம் காட்டிப் பேசியதால் இவை பரவலாகத் தெரியவந்தன. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கென்னவோ நடுவில் உள்ள நான்கும்தான் முக்கியமாகப் படுகின்றன. அவற்றில் எதுவுமே அழகான படம் என்று சொல்ல முடியாது. ஒன்றில் இறக்கை சரியாகி வால் கெட்டிருக்கும், இன்னொன்றில் வேறு ஏதோ. ஆனாலும் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரே ஒரு விஷயத்தில் முன்னே போயிருக்கிறது.

அந்த வகுப்பில் நடந்ததில் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புகைப்படம் கையில் இருந்தது. அதனால் பேச்சு "அழகா, அழகில்லையா" என்று போகாமல் "இங்கே எப்படி இருக்கிறது, அங்கே எப்படி இருக்கிறது" என்று போனது. ஒரு சமயத்தில் ஒரு விஷயத்தைத்தான் தொட்டார்கள். ஒவ்வொரு தடவையும் புதுத் தாள் எடுத்தான். பழையதை யாரும் கிழித்துப் போடவில்லை. எந்தப் பெரியவரும் அவன் தாளில் கோடு போட்டுக் கொடுக்கவில்லை.

பிழையா, வயசா?

கருத்துச் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன், குழந்தைகள் ஏன் அப்படி வரைகிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திருத்தத் தேவையில்லாததைத் திருத்திக்கொண்டிருப்போம்.

சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை. தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். ஃபிரான்ஸைச் சேர்ந்த ழார்ஜ்-ஹென்றி லுகே இதை 1920களிலேயே விரிவாக எழுதினார். 1972இல் ஃப்ரீமன், ஜானிகூன் என்ற இருவர் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. கைப்பிடி மறுபக்கம் மறைந்திருக்கும்படி ஒரு கோப்பையைக் குழந்தைகள் முன்னால் வைத்தார்கள். கோப்பையின் முன்பக்கத்தில் ஒரு பூ தெரிந்தது. பார்ப்பதை அப்படியே வரையச் சொன்னார்கள். சுமார் எட்டு வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் கண்ணில் படாத கைப்பிடியை வரைந்தார்கள், கண்ணெதிரே இருந்த பூவை விட்டுவிட்டார்கள். கோப்பை என்றால் கைப்பிடி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், அதை வரைந்தார்கள். எட்டு வயதைத் தாண்டியவர்கள் கைப்பிடியை விட்டுவிடத் தொடங்கியிருந்தார்கள்.

விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் குழந்தை ஓவியத்தின் படிநிலைகளை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டினார். அதில் ஏழிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள், தாளின் அடியில் ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன் மேல் நிறுத்துவார்கள். வானம் மேலே ஒரு நீலப் பட்டையாக இருக்கும். சுவர் இருந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் நாற்காலி வெளியே தெரியும். இதையெல்லாம் தப்பு என்று சொல்லி ஏழு வயதுப் பிள்ளையை நிமிர்த்தப் பார்ப்பது வீண். அந்த வயதில் உலகத்தைத் தாளில் அடுக்கி வைக்கும் முறையே அதுதான்.

ஒன்பது, பத்து வயதில் கதை மாறுகிறது. இதுவரை தான் வரைந்ததில் குறையே காணாத பிள்ளைக்குத் திடீரென்று "நான் வரைஞ்ச குதிரை குதிரை மாதிரியே இல்ல" என்று தெரிய ஆரம்பிக்கிறது. கண் கையைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது. "எனக்கு டிராயிங் வராது" என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைப்பதும் இந்தச் சமயத்தில்தான். நம்மில் பலர் வாழ்நாள் முழுக்கப் பத்து வயதுப் பிள்ளை மாதிரியே வரைந்துகொண்டிருப்பதற்கும் காரணம் இதுவே. இந்த வயதில் "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று சமாதானம் சொன்னால் எடுபடாது. நல்லா இல்லை என்பது அந்தப் பிள்ளைக்கே தெரிகிறது. அடுத்து என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. திரும்ப வரையும் பழக்கம் மற்ற வயதைவிட இங்கேதான் மிகவும் கைகொடுக்கும்.

எப்படிச் சொல்வது

பெர்கர் தன் வகுப்புக்கு வைத்திருந்த விதி சுலபமானது: சொல்வது கனிவாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவியாக இருக்க வேண்டும். கனிவு எல்லாருக்கும் புரிந்துவிடும். தடுமாறுவது மற்ற இரண்டில்.

"கை சரியில்லை" என்பது கருத்து இல்லை, தீர்ப்பு. "முழங்கை இடுப்புக்கு நேராக வருதா, இல்ல அதுக்கும் கீழயா? உன் கையைத் தொங்கப்போட்டுப் பார்" என்றால் பிள்ளை தன் கையைப் பார்க்கும், அப்புறம் படத்தைப் பார்க்கும், என்ன செய்ய வேண்டும் என்று அதற்கே தெரிந்துவிடும். "இன்னும் அழகா வரை" என்பதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையாலும் எதையும் செய்ய முடியாது. "முகத்துல கண்ணை எங்க வச்சிருக்க? தலை உச்சியிலிருந்து கண்ணுக்கு ஒரு தடவை, கண்ணிலிருந்து தாடைக்கு ஒரு தடவை, பென்சிலை வச்சு அளந்து பார்" என்றால் வேலை தொடங்கிவிடும். கண் ஏறக்குறைய தலையின் பாதி உயரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அநேகமாக நெற்றியில் வைப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் வைக்கிறோம். இதைப் பிள்ளையே அளந்து கண்டுபிடித்தால் பிறகு மறக்காது.

பிள்ளைகள் தங்கள் ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்து வரைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரைவு முடிந்திருக்கிறது. பேச்சு இப்படிப் போகலாம்:

"இதுல உனக்கு எந்த இடம் பிடிச்சிருக்கு?"

"லேஸ், மிஸ்."

"ஆமா, ஒன்னு மேல போறதும் இன்னொன்னு கீழ போறதும் நல்லாத் தெரியுது. இப்போ ஷூவைப் பாரு. கால் நுழையிற இடம் என்ன வடிவத்துல இருக்கு?"

"வட்டம்."

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு."

"நசுங்கின வட்டம்."

"உன் படத்துல?"

"முழு வட்டமா போட்டுட்டேன்."

"சரி. அடுத்த தாள்ல அந்த இடத்தை மட்டும் கவனி. லேஸ் அப்புறம் பார்த்துக்கலாம்."

தப்பு என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை. பாராட்டு இருக்கிறது, ஆனால் "நீ பெரிய ஆர்ட்டிஸ்ட்" என்று இல்லை. லேஸ் ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அதனால் அந்தப் பிள்ளை அடுத்த படத்திலும் ஒன்றின் மேல் ஒன்று போவதைக் காட்டப் பார்க்கும். முக்கியமாக, ஆசிரியர் பிள்ளையின் பார்வையைப் படத்திலிருந்து பொருளுக்குத் திருப்பிவிட்டார். எந்தக் கருத்தைச் சொல்வதற்கு முன்னும் "இதைக் கேட்டுப் பிள்ளை எதைப் பார்க்கும்?" என்று யோசித்தாலே பாதிக் கருத்துகளை நாமே விழுங்கிவிடுவோம்.

ஜான் ஹேட்டி, ஹெலன் டிம்பர்லி இருவரும் 2007இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, நல்ல பின்னூட்டம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது என்கிறது: எங்கே போகிறேன், இப்போது எப்படிப் போய்க்கொண்டிருக்கிறேன், அடுத்து எங்கே. செய்த வேலையை விட்டுவிட்டு ஆளைப் பாராட்டுவதுதான் கற்றலுக்கு மிகக் குறைவாக உதவுகிறது என்பதும் அதே கட்டுரையில் வருகிறது. "கெட்டிக்காரி", "சூப்பர்டா" எல்லாம் அந்த ரகம். சொல்லவே கூடாது என்றில்லை. சொல்லிவிட்டுக் கருத்துச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

மதிப்பெண் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரூத் பட்லர் 1988இல் இஸ்ரேல் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்குக் கருத்து மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும் கொடுத்தார். கருத்து மட்டும் கிடைத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். இரண்டும் கிடைத்தவர்களின் நிலைமை மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலவே ஆகிவிட்டது. அது ஓவியத்தை வைத்துச் செய்த ஆய்வு அல்ல, ஆனால் ஓவிய நோட்டிலும் இதுதான் நடக்கிறது. 7/10 என்ற எண்ணைப் பார்த்ததும் கண் பக்கத்து நோட்டுக்குப் போய்விடும். கீழே எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்? வரைவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் கடைசியில், எல்லா வரைவுகளையும் சேர்த்து வைத்துப் போடலாம்.

பரிசும் அப்படித்தான். 1973இல் ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிச் செய்துகொண்டிருந்த மழலையர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுத்தபோது இந்தக் கெடுதல் நடக்கவில்லை.

எதை முதலில் சொல்வது

ஒரு படத்தில் பத்துக் குறை தெரியும். பத்தையும் சொன்னால் பிள்ளை எதையும் திருத்தாது. ஒரு வரைவுக்கு ஒரு விஷயம், மிஞ்சினால் இரண்டு.

வரிசை முக்கியம். முதலில், படம் தாளில் எங்கே எவ்வளவு பெரியதாக உட்கார்ந்திருக்கிறது என்பது. பிள்ளைகளில் பலர் பெரிய தாளின் ஒரு மூலையில் எறும்பு அளவுக்கு வரைவார்கள். மற்றவர்கள் தலையைப் பெரியதாகப் போட்டுவிட்டுக் காலுக்கு இடமில்லாமல் தவிப்பார்கள். அப்புறம் பெரிய வடிவங்கள். அப்புறம் எது எதைவிட நீளம், எது எங்கே முடிகிறது என்ற அளவுகள். நுணுக்கங்கள், ஷேடிங், வண்ணம் எல்லாம் அதற்கும் பிறகு. காரணம் எளிது. அரை மணி நேரம் உட்கார்ந்து இறகு இறகாக ஷேடிங் செய்த பறவையின் உடம்பு கோணலாக இருக்கிறது என்று அதற்குப் பிறகு சொன்னால் எந்தப் பிள்ளைதான் திரும்ப வரையும்? அழாமல் இருந்தால் போதும். அதனால் முதல் வரைவைப் பென்சிலில், வெறும் கோட்டில், பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட வேண்டும். அதில் உழைப்பு குறைவு, எனவே விட்டுக்கொடுப்பதும் சுலபம்.

பிள்ளையின் தாளில் கை வைக்காதீர்கள்

இதைத் தனியாகவே சொல்லியாக வேண்டும். "இங்க கொண்டா, நான் காட்டுறேன்" என்று பென்சிலை வாங்கி இரண்டு கோடு போட்டுவிட்டால் படம் உடனே தேறிவிடும். பிள்ளை அதோடு நின்றுவிடும். அந்த இரண்டு கோடும் மற்ற கோடுகளுக்கு நடுவே பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கும். அந்தப் படம் இனி தன்னுடையது இல்லை என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். போட்டிக்கு அனுப்பும் படங்களில் பெரியவர்களின் கைவரிசை எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். பரிசு வாங்கும் பிள்ளைக்கும் தெரியும்.

காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு தாளில் வரைந்து காட்டுங்கள். காட்டியதும் அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதைப் பார்த்து வரைந்து முடித்துவிடுவார்கள். டிரேசிங் தாள் இருந்தால் படத்தின் மேல் வைத்து அதன்மேல் கோடு போட்டுப் பேசலாம். பேசி முடித்ததும் எடுத்துவிட்டால் படம் பழையபடியே இருக்கும்.

திரும்ப வரையச் சில வழிகள்

திருத்தம் என்றதும் பிள்ளைகள் ரப்பரைத் தேடுவார்கள். முதல் சில வரைவுகளுக்கு ரப்பரே தராமல் இருப்பது நல்லது. அழித்து அழித்து வரைந்தால் தாள் கந்தலாகும், முன்னால் என்ன இருந்தது என்பதும் மறைந்துபோகும். புதுத் தாளில் வரைந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதியும் வரைவு எண்ணும் எழுதச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டும் என்பதில்லை. கை மட்டும் வரவில்லை என்றால் கையை மட்டும் தனித் தாளில் நான்கைந்து தடவை வரைந்து பார்த்துவிட்டு, பிறகு முழுப் படத்துக்குப் போகலாம். (கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்து வரையும் பிள்ளைகளுக்கு இது மிகவும் உதவும். அவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வகுப்பின் படங்களைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.) கோட்டுப் படம் பிடித்துப்போய், வண்ணம் கெடுத்துவிடுமோ என்று பயந்தால் இரண்டு மூன்று ஜெராக்ஸ் எடுத்து, அவற்றில் வேறு வேறு வண்ணம் போட்டுப் பார்க்கலாம். பழைய வரைவில் நன்றாக வந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள, அதை வெளிச்சம் படும் ஜன்னல் கண்ணாடியில் வைத்து மேலே புதுத் தாளை வைத்துப் படியெடுக்கலாம்.

தன் படத்தையே புதுக் கண்ணோடு பார்க்க வைப்பதற்கும் தந்திரங்கள் உண்டு. கண்ணாடியில் காட்டினால் கோணல் உடனே தெரியும். தலைகீழாகத் திருப்பினால் முகம் முகமாகத் தெரியாமல் வெறும் வடிவமாகத் தெரியும், இடைவெளிகள் கண்ணில் படும். சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது இருட்டு எது வெளிச்சம் என்பது மட்டும் மிஞ்சும். போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துக் காட்டினாலும் இதே பலன்தான்; பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். அட்டையில் சின்ன ஜன்னல் ஒன்று வெட்டி, அதன் வழியாகப் பொருளைப் பார்த்தால் தாளில் அது எப்படி உட்கார வேண்டும் என்பது தெரியும்.

ஆறு வரைவு வேண்டியதில்லை. பெரும்பாலும் மூன்று போதும். ஒரே நாளில் மூன்றையும் முடிக்கப் பார்க்காமல் ஒரு வாரம் இடைவெளி விட்டால், கருத்துச் சொல்ல ஆளே தேவைப்படாது, பிள்ளையே எடுத்துப் பார்த்து "ஐயய்யோ, கழுத்தே இல்ல!" என்று சொல்லும்.

தோழர்கள் சொல்லும் கருத்து

பெரியவர் சொல்வதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சொல்வது சில சமயம் சட்டென்று உறைக்கும். அதே வேகத்தில் காயமும் படும். அதனால் பழக்கிவிட வேண்டும். முதல் தடவை எந்தப் பிள்ளையின் படத்தையும் எடுக்காதீர்கள். நீங்களே ஒரு படம் வரைந்து கொண்டுபோய் மாட்டி, "இதை எப்படிச் சரி பண்ணலாம்?" என்று கேளுங்கள். உங்களுக்கு வரைய வராது என்றால் இன்னும் நல்லது. கருத்து வாங்கும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதையும் அவர்கள் அப்போது பார்த்துவிடுவார்கள். பிறகு அந்தப் படத்தை உண்மையாகவே திருத்தி மறுவாரம் காட்ட வேண்டும்.

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990இல் உருவாக்கிய முறை ஒன்று பிள்ளைகளுக்கும் பொருந்தும். அதில் முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனதில் நின்றதைச் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தன் வேலையைப் பற்றித் தானே கேள்வி கேட்பார். மூன்றாவதாகத்தான் பார்த்தவர்கள் கேட்கலாம், அதுவும் அபிப்பிராயத்தை உள்ளே ஒளித்து வைக்காத கேள்வியாக இருக்க வேண்டும். கடைசியில், படைத்தவர் சம்மதித்தால் மட்டும் அபிப்பிராயம். "ஏன் இவ்வளவு இருட்டா போட்ட?" என்பது மூன்றாம் கட்டத்தில் செல்லாது, "இது எந்த நேரம், பகலா ராத்திரியா?" என்பது செல்லும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு ஆச்சரியமாகச் சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது.

வகுப்பில் "இதில் எனக்குத் தெரிவது...", "இந்த இடம் எனக்குப் புரியவில்லை...", "இப்படிச் செய்து பார்த்தால்?" என்ற மூன்று தொடக்கங்களைப் பலகையில் எழுதி வைத்தால் போதும். முதலாவதைத் தாண்டாமலே நிறைய நடக்கும். ஒருவன் வரைந்த நாயை மூன்று பேர் "ஆடு" என்று சொன்னால் அதற்கு மேல் கருத்துத் தேவையில்லை.

இரண்டு பேர் எதிரும் புதிருமாகச் சொன்னால்? வரைந்த பிள்ளைதான் முடிவு செய்யும். இதை முதலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். கேட்பது கட்டாயம், ஏற்பது கட்டாயமில்லை.

கற்பனைப் படத்துக்கு அளவுகோல் எது?

பட்டாம்பூச்சிக்குப் புகைப்படம் இருந்தது. பறக்கும் யானைக்கு? இங்கே ஒப்பிட வேண்டியது அந்தப் பிள்ளையின் மனதில் இருப்பதோடு. அதனால் முதல் கேள்வி "என்ன காட்ட நினைச்ச?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். மரம் ஊதாவாக இருப்பதும் யானை நீலமாக இருப்பதும் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம். மழை ராத்திரியில் தனியாக நிற்கும் பையனை வரைந்த பிள்ளை "அவனுக்குப் பயம்" என்று சொன்னால், "பயம் படத்துல எங்க தெரியுது?" என்று கேட்கலாம். வாயைக் கீழ்நோக்கி வளைத்திருக்கிறேன் என்று பதில் வரும். சரி, முகமே தெரியாத தூரத்தில் அவன் நின்றால் எப்படிக் காட்டுவாய்? அவனைக் குட்டியாக வரையலாம், மரத்தைப் பெரிதாக்கலாம், நிழலை நீட்டலாம் என்று பிள்ளையே அடுக்கும். ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவுக் கட்டத்தில் ஒரே நிமிடத்தில் கிறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் திருத்தம்தான்.

பெரிய ஓவியர்களும் இப்படித்தான் வேலை செய்தார்கள் என்று காட்டினால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும். பிக்காசோ 1945 டிசம்பரிலிருந்து 1946 ஜனவரிக்குள் ஒரே காளையைப் பதினொரு நிலைகளில் அச்சிட்டார். சதையும் ரோமமுமாகத் தொடங்கிய காளை, கடைசியில் சில கோடுகளாக நிற்கும். திருத்தம் என்றால் சேர்ப்பது என்றே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குக் குறைப்பதும் திருத்தம்தான் என்பது அதைப் பார்த்ததும் புரியும். மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ் வரைந்த நான்காம் ஃபிலிப் மன்னரின் குதிரைப் படத்தில், ஓவியர் இடம் மாற்றிய பழைய கால்கள் மேல்வண்ணத்தின் வழியாக இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. நல்ல பிரதி கிடைத்தால் அதைக் கொடுத்து, குதிரைக்கு எத்தனை கால் என்று எண்ணச் சொல்லுங்கள். தாகூர் தன் கையெழுத்துப் பிரதிகளில் அடித்த வரிகளையெல்லாம் இணைத்து விலங்குகளாகவும் முகங்களாகவும் மாற்றினார். அவருடைய ஓவியம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

எப்போது விட்டுவிட வேண்டும்

எல்லாப் படத்தையும் திருத்தத் தேவையில்லை. பாட்டிக்கு வரைந்து கொடுத்த வாழ்த்து அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மனசு சரியில்லாமல் வரைந்ததற்கும் கருத்துச் சொல்லக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் "இதைப் பத்திச் சொல்லு" என்று கேட்டுக் கதை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரிய பிள்ளைகளிடமும் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு நோட்டு இருக்க வேண்டும். மாதம் ஒரு படத்தை நிதானமாக மூன்று வரைவுக்குக் கொண்டுபோனாலே போதும். மற்றவை தன் போக்கில் நடக்கட்டும்.

கொண்டுபோகும் படத்திலும் ஒரு கட்டத்தில் பிள்ளை "முடிச்சிட்டேன்" என்று சொல்லும். அது சலிப்பா திருப்தியா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். "இன்னொரு தாள் கொடுத்தா எதை மாத்துவ?" என்று கேட்டுப் பாருங்கள். "வாலை" என்று உடனே பதில் வந்தால் அடுத்த வரைவு இன்னும் மிச்சம் இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம் என்றால் அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். யோசித்துவிட்டு "ஒன்னும் இல்ல" என்று சொன்னால் பின்னால் தேதியைப் போட்டு, முதல் வரைவையும் பக்கத்தில் வைத்துச் சுவரில் ஒட்டிவிடலாம்.